மரக்கூரையில் ஒரு பலகை மட்டும் உடைந்தால்?

நம்ம ஊர் ஓட்டு வீட்டில் ஒரு ஓடு உடைஞ்சா வேலை சுலபம். மேல் ஓட்டைக் கொஞ்சம் தூக்கி, உடைஞ்சதை உருவிட்டு, புதுசைச் செருகினா முடிஞ்சது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா, அமெரிக்காவின் வாஷிங்டன், ஓரிகன் பக்கம் பல வீடுகளில் ஓட்டுக்குப் பதிலா செடார் மரத்தில் அறுத்த மெல்லிய பலகைகள் இருக்கும். பேர் ஷிங்கிள். ஒவ்வொன்றும் ஆணி அடிச்சது. அந்த ஆணி மேல் வரிசைக்கு அடியில் மறைஞ்சிருக்கும். அப்போ நடுவில் ஒண்ணை மட்டும் எப்படி மாற்றுவது?

கூரை எப்படி வேலை செய்கிறது?

16 இன்ச் நீள ஷிங்கிளில் வெளியே தெரிவது வழக்கமாக 5 இன்ச்தான். மீதி 11 இன்ச் மேல் வரிசைகளுக்கு அடியில் இருக்கும். அதனால் எந்த இடத்திலும் குறைந்தது மூன்று அடுக்கு மரம் உண்டு. தண்ணீரைத் தடுப்பது பசை இல்லை, இந்த அடுக்கும் சரிவும்தான்.

பக்கத்துப் பலகைகளுக்கு நடுவே 1/4 முதல் 3/8 இன்ச் இடைவெளி விடுவாங்க. மழையில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும். வெஸ்டர்ன் ரெட் செடார் பச்சை மரத்திலிருந்து முழுசாகக் காயும்போது, ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுமார் 5% சுருங்கும்; வளையத்துக்குக் குறுக்கே சுமார் 2.4% மட்டுமே. அதனால்தான் வளையக் கோடுகள் முகத்துக்குச் செங்குத்தாக வரும்படி அறுத்த பலகையை வாங்கணும். மற்றது சீக்கிரம் வளைந்துவிடும்.

மாற்றும் முறை

1. உடைந்த பலகையை உளியால் நார்ப்போக்கிலேயே பல துண்டாகப் பிளந்து உருவுங்க.

2. அதன் இரண்டு ஆணிகள் மேல் வரிசை விளிம்புக்கு ஒன்றரை இன்ச் உள்ளே இருக்கும். ஹாக்ஸா பிளேடை உள்ளே விட்டு அறுங்க. இன்னும் 5 இன்ச் மேலே இருப்பது மேல் பலகையின் ஆணி. அதைத் தொடாதீங்க, மேல் பலகை கழன்றுவிடும். புதுப் பலகையின் தலையில் அந்த ஆணிக்கு நேராகக் காடி வெட்டிக்கணும்.

3. இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு அகலத்தை வெட்டுங்க. பக்க இடைவெளி, மேல் கீழ் வரிசைகளின் இடைவெளியிலிருந்து குறைந்தது ஒன்றரை இன்ச் தள்ளியே வரணும்.

4. பலகையைச் செருகி, கீழ் விளிம்பு வரிசையைவிட அரை இன்ச் இறங்கி நிற்கும்படி நிறுத்துங்க. மேல் வரிசை விளிம்பை ஒட்டி, மேல்நோக்கிச் சாய்த்து இரண்டு ஆணி அடிங்க. பிறகு ஒரு மரக்கட்டையைக் கீழே வைத்துச் சுத்தியலால் மேலே தட்டுங்க. ஆணி லேசாக வளைந்து பலகையோடு மேலே போகும், தலை மேல் வரிசைக்கு அடியில் ஒளிஞ்சுக்கும். மேலே கேட்ட கேள்விக்கு விடை இந்த அரை இன்ச்தான்.

ஆணி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது ஹாட் டிப் கால்வனைஸ்டாக இருக்கட்டும். சாதா இரும்பு துருப்பிடிக்கும், செடாரில் கறுப்புக் கறையும் விடும்.

வெறும் விரிசல்தான் என்றால் மாற்றவே வேண்டாம். விரிசலைவிட அகலமான அலுமினியத் தகட்டை அடியில் செருகி, மேல் வரிசைக்கு உள்ளே வரை தள்ளினால் போதும்.

சிலிக்கான், தார் வேண்டாம்

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ஆனால் இடைவெளியை அடைத்தால் உள்ளே போன ஈரம் வெளியே வராது, மரம் அழுகும். உப்பும்போது இடமில்லாமல் பலகை தூக்கிக்கும். ஒழுகலை நிறுத்தப் பூசினது அடுத்த ஒழுகலுக்குக் காரணமாகிடும்.

ஏறுவதற்கு முன்

ஸ்க்ரூடிரைவரால் சுற்றியுள்ள பலகைகளைக் குத்திப் பாருங்க. பல இடத்தில் மெத்துன்னு இறங்கினால் இது ஒரு பலகைப் பிரச்சினை இல்லை. ஈரமான, பாசி பிடித்த செடார் பயங்கரமா வழுக்கும். காய்ந்த நாளில், கூரை ஏணியும் ஹார்னஸும் இருந்தால் மட்டும் ஏறணும்.

வேலை முடிந்ததும் ஒருத்தர் டார்ச்சோடு கூரைக்கு அடியில் நிற்க, இன்னொருத்தர் ஹோஸால் கீழ் வரிசையிலிருந்து மெதுவாக மேலே தண்ணீர் விட்டுச் சோதிக்கலாம். எந்த வரிசைக்கு வரும்போது சொட்டுதோ, அங்கேதான் இன்னும் வேலை பாக்கி.