தரங்கம்பாடியின் பெயர் பெற்ற நண்டு

வயல் வரப்பில் வளை தோண்டி நீரைக் கசியவிடும் நண்டைத் தஞ்சை உழவர் நன்கறிவர். காவிரியின் கிளைகள் கடலோடு கலக்கும் கழிகளில் வேறொரு நண்டு வாழ்கிறது. அது கழி நண்டு, உருவிற் பெரியது. உயிரோடு கட்டப்பட்டுச் சிங்கப்பூர் வரை செல்லும் சிறப்புடையது.

தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனியர் வசம் இருந்தது. டேனிய அறிஞர் ஃபாபிரீசியஸ் 1798-இல் நண்டு ஒன்றை விவரித்து, அதற்கு அவ்வூரின் பெயரையே சூட்டினார். இன்று அதன் பெயர் சில்லா டிராங்குபாரிகா.

ஆயின் கழி நண்டுகள் எத்தனை இனம்? நிறமோ, வாழும் சேற்றுக்கேற்ப மாறுவது. பிலிப்பைன்ஸில் எஸ்டம்படார் 1949-இல் நான்கு வகை என்றார். 1960-இல் ஆஸ்திரேலிய அறிஞர் இருவர் எல்லாம் ஒன்றே என்றனர். கண் மட்டும் கொண்டு இவ்வழக்கைத் தீர்க்க இயலவில்லை.

தீர்ப்பு உயிரணுவுக்குள் இருந்தது. டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருள் நான்கே எழுத்துகளால் எழுதிய சுவடி போன்றது. ஏட்டைப் படியெடுப்போர் ஆங்காங்கே எழுத்துப் பிழை செய்வர். அப்படியைப் பார்த்து எழுதுவோர் பழைய பிழையோடு புதியதையும் சேர்ப்பர். தஞ்சைச் சரசுவதி மகாலில் சுவடிகளை ஒப்பிடும் புலவர், எவ்வேடு எவ்வேட்டின் வழி வந்தது என்பதைப் பாடபேதம் கொண்டே அறிவர். நண்டுகளிலும் அவ்வாறே. தம்முள் கலந்து இனம் பெருக்குவனவற்றிடையே எழுத்து வேறுபாடு சிறிது; நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்தவற்றிடையே பெரிது. 1998-இல் கீனன், டேவி, மான் ஆகியோர் புரதங்களையும் மரபுப்பொருளையும் உடலமைப்பையும் ஒருங்கே நோக்கி, இனங்கள் நான்கு என நிறுவினர்.

அதன் பின்னும் இந்திய நூல்களில் குழப்பம் நீங்கவில்லை. பெரிய நண்டை டிராங்குபாரிகா என்றும், செந்நிறக் கொடுக்குடைய சிறியதைச் செர்ராட்டா என்றும் அவை குறித்து வந்தன. சீர்காழியைத் தலைமையிடமாகக் கொண்ட இராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தார், இந்தியக் கடலோர நண்டுகளின் மரபுப்பொருளைச் சோதித்து 2014-இல் முடிவை வெளியிட்டனர். பெரியதே செர்ராட்டா, சிறியது ஒலிவேசியா. சோதித்தவற்றுள் டிராங்குபாரிகா ஒன்றேனும் இல்லை! தரங்கம்பாடியின் பெயர் தாங்கிய நண்டு, தரங்கம்பாடிக்கு அருகிலிருந்தே நடந்த ஆய்வில் அகப்படாமற் போயிற்று.

இது வெறும் பெயர்ச் சண்டையன்று. செர்ராட்டா இரண்டு கிலோவுக்கு மேலும் வளர வல்லது. ஒலிவேசியா அவ்வளவு வளராது. குஞ்சுப் பருவத்தில் இரண்டையும் பிரித்தறிதல் அரிது. பழைய நூலை நம்பிச் செர்ராட்டாக் குஞ்சு கேட்டு வாங்கும் பண்ணையாளர் குளத்தில், பல மாதம் தீனியிட்ட பின்னும் சிறு நண்டே மிஞ்சும். வளர்ந்த நண்டிலோ அடையாளம் தெளிவு: கொடுக்கின் மணிக்கட்டுப் புறத்தில் கூரிய முள் இரண்டு இருப்பின் செர்ராட்டா, ஒன்றே இருப்பின், அல்லது அதுவும் மழுங்கியிருப்பின், ஒலிவேசியா.