மாத்திரை முந்த வேண்டும்

அணு உலையில் விபத்து நேர்ந்தால் அம்மாநிலத்தின் சுகாதாரத் துறை என்ன செய்ய வேண்டும்? மருத்துவர்களை அனுப்ப வேண்டும் என்பீர்கள். அவர்களுக்கு முன்பாகவே ஒரு சிறு மாத்திரை மக்களைச் சென்றடைந்திருக்க வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

உலையிலிருந்து வெளியேறக்கூடிய கதிரியக்கப் பொருள்களுள் ஒன்று அயோடின்-131. நம் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பிக்கு அயோடின் தேவை. சாதாரண அயோடினுக்கும் இதற்கும் வேதிப் பண்புகள் ஒன்றே. ஆகவே சுரப்பி இரண்டையும் வேறுபாடின்றி ஏற்றுக்கொள்கிறது. பொட்டாசியம் அயோடைடு மாத்திரையை முன்னதாக உட்கொண்டால், சுரப்பி சாதாரண அயோடினால் நிரம்பிவிடும். நிரம்பிய குடத்தில் மேலும் நீர் ஏறுமா? பின்னால் வரும் அயோடின்-131 பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறிவிடும்.

ஆனால் மாத்திரை முந்த வேண்டும். கதிரியக்கக் காற்று வருவதற்குச் சற்று முன்போ, வந்த இரண்டு மணி நேரத்திற்குள்ளோ உட்கொள்வதே சிறந்தது. ஒரு நாள் கழிந்தபின் உட்கொள்வதால் பயனில்லை.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள மூன்று மைல் தீவு அணு உலையில் 1979 மார்ச் 28 அன்று விபத்து நேர்ந்தது. மாநிலச் சுகாதாரத் துறையிடம் இம்மருந்து கையிருப்பில் இல்லை. அவசரமாகத் தயாரிக்கச் செய்து, முதல் 11,000 புட்டிகள் வந்து சேர்ந்தபோது ஏப்ரல் 1 பிறந்துவிட்டது. நல்லவேளையாக, வெளியேறிய அயோடின் மிகக் குறைவு. மருந்தை வழங்கத் தேவை ஏற்படவில்லை. அதிகமாக வெளியேறியிருந்தால்? நான்காம் நாள் வந்த மருந்தால் என்ன பயன்? 2002-இல் அத்துறை அணு உலைகளைச் சுற்றி 16 கிலோமீட்டருக்குள் வாழ்வோருக்கு இம்மாத்திரைகளை முன்கூட்டியே இலவசமாக வழங்கத் தொடங்கியது.

அயோடின் கலந்த உப்பையே தின்றால் போதாதா? 2011-இல் ஜப்பானின் ஃபுகுஷிமா விபத்தின்போது சீனாவில் பலர் இப்படி எண்ணிக் கடைகளில் உப்பை வாங்கிக் குவித்தனர். கணக்கிட்டுப் பாருங்கள். பெரியவர்களுக்கான 130 மில்லிகிராம் மாத்திரையில் சுமார் 100 மில்லிகிராம் அயோடின் உண்டு. ஒரு கிராம் உப்பில் 15 மைக்ரோகிராம் அயோடின் இருப்பதாகக் கொண்டால், ஆறரைக் கிலோவுக்கு மேல் உப்புத் தின்ன வேண்டும்!

இன்னொரு வழி பால் வழி. புல்லில் படியும் அயோடின் பசுவின் பாலில் வந்துவிடும். 1986-இல் செர்னோபில் விபத்துக்குப்பின் அத்தகைய பாலைக் குடித்த சிறுவர் பலருக்குப் பிற்காலத்தில் தைராய்டு புற்றுநோய் வந்தது. எனவே அப்பாலின் விற்பனையை உடனே தடுப்பதும் அரசின் கடமை. அப்பாலைக் கொட்டிவிடத்தான் வேண்டுமா? அயோடின்-131இன் அரை ஆயுள் 8 நாள். பாலைப் பொடியாக்கி 80 நாள் வைத்திருந்தால், பத்து முறை பாதியாகி, அதில் உள்ள அயோடின்-131 1024-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

இம்மாத்திரை தைராய்டை மட்டுமே காக்கும். மற்ற உறுப்புகளைக் காக்காது. அதிகாரிகள் அறிவித்தாலன்றி இதை உட்கொள்ளவும் கூடாது.

உங்களுக்கு ஒரு கணக்கு: 40 நாள் வைத்திருந்த பால்பொடியில் எத்தனையில் ஒரு பங்கு எஞ்சியிருக்கும்?