எலும்பைக் காக்கும் இரண்டு சுரப்புநீர்கள்: ஈஸ்ட்ரோஜன், மெலடோனின்

எலும்பு நலிவு நோய் வலி தராது. கீழே விழுந்து எலும்பு முறிந்த பிறகுதான் பலருக்கு அது இருப்பதே தெரியவரும். இடுப்பெலும்பு முறிந்தவர்களில் பலரால் முன்போல் பிறர் துணையின்றி நடக்க முடிவதில்லை.

சிம்பாங் பூலாய் வட்டாரத்து மூத்தோர் பலர் இளமையில் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். அந்த உழைப்பு எலும்பை வலுவாக்கியது உண்மைதான். ஆனால் உழைப்பு நின்றபின் அந்த வலு அப்படியே நிலைப்பதில்லை. ஆகவே, "உழைத்த உடம்பு, எனக்கு ஒன்றும் வராது" என்று இருந்துவிட வேண்டாம்.

எலும்புக்குள் நடப்பது என்ன?

நம் எலும்பில் பழைய பகுதியைக் கரைக்கும் உயிரணுக்களும் புதியதைக் கட்டும் உயிரணுக்களும் எப்போதும் வேலை செய்கின்றன. கரைப்பது கட்டுவதை மிஞ்சினால் எலும்பு மெலியும்.

ஈஸ்ட்ரோஜன்

இது கரைக்கும் உயிரணுக்களைக் கட்டுப்படுத்துகிறது. மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் வெகுவாகக் குறைவதால், முதல் சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகத் தேய்கிறது. ஆண்களின் எலும்பையும் சிறிதளவு ஈஸ்ட்ரோஜன்தான் காக்கிறது. ஆண்களுக்கு அது மெதுவாகக் குறையும்.

மெலடோனின்

இருட்டியதும் மூளையிலுள்ள பீனியல் சுரப்பி இதைச் சுரக்கிறது. தூக்கத்துக்கு உதவும் இந்தச் சுரப்புநீர், கட்டும் உயிரணுக்களைத் தூண்டுவதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. வயது ஏற ஏற இதுவும் குறைகிறது. 20 ஆண்டுகளுக்கு மேல் இரவு ஷிப்டில் வேலை செய்த அமெரிக்கத் தாதியரிடையே இடுப்பு, மணிக்கட்டு முறிவுகள் அதிகம் காணப்பட்டதாக 2009-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

மாத்திரை சாப்பிடலாமா?

2002-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை இடுப்பெலும்பு முறிவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆனால் மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், இரத்தக் கட்டி ஆகியவை கூடின. அதனால் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு எலும்புக்காக மட்டும் இதைப் புதிதாகத் தொடங்குவதில்லை.

டென்மார்க்கில் 81 பெண்களிடம் நடந்து 2015-இல் வெளியான ஓராண்டு ஆய்வில், மெலடோனின் தொடையெலும்பின் கழுத்துப் பகுதியின் அடர்த்தியைச் சற்றே கூட்டியது. முறிவைத் தடுக்கும் என்று சொல்ல இது போதாது. மெலடோனின் மயக்கம் தரலாம். இரவில் கழிவறைக்கு எழும்போது விழ நேரிடும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுவோர் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. இணையத்தில் விற்கும், பதிவு எண் இல்லாத மாத்திரைகளை யாரும் வாங்க வேண்டாம்.

உங்கள் ஆபத்தைக் கணக்கிடுங்கள்

மாதவிடாய் நின்ற ஆசியப் பெண்களுக்காக 2001-இல் வெளியான எளிய கணக்கு இது. உங்கள் எடையிலிருந்து (கிலோ) வயதைக் கழியுங்கள். விடையை 0.2 ஆல் பெருக்குங்கள்.

• -1-க்கு மேல்: ஆபத்து குறைவு
• -1 முதல் -4 வரை: நடுத்தர ஆபத்து
• -4-க்குக் கீழ்: அதிக ஆபத்து

எடுத்துக்காட்டு: வயது 74, எடை 48 கிலோ. 48 – 74 = -26. அதை 0.2 ஆல் பெருக்கினால் -5.2. இவருக்கு ஆபத்து அதிகம். எலும்பு அடர்த்தி ஸ்கேன் தேவையா என்று இவர் மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஏற்கெனவே லேசாக விழுந்து எலும்பு முறிந்தவர்கள், கணக்கு எதைக் காட்டினாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இன்றே செய்யக்கூடியவை

• கேழ்வரகு, முள்ளோடு உண்ணும் நெத்திலி, தவ்வு, பால் ஆகியவற்றை உணவில் சேருங்கள். ஒரு குவளைப் பாலில் சுமார் 300 மில்லிகிராம் கால்சியம் உண்டு.
• காலை வெயிலில் நடங்கள். வைட்டமின் டி கிடைக்கும், கால்களும் வலுப்படும்.
• தூங்கும் அறையை இருட்டாக வையுங்கள். படுக்கும் முன் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவிடுங்கள்.
• கழிவறைக்குப் போகும் வழியில் மட்டும் சிறு விளக்கு எரியட்டும். ஈரத் தரையைத் துடையுங்கள். வழுக்கும் கால்மிதியை எடுத்துவிடுங்கள்.
• புகைபிடிப்பதையும் மதுவையும் விட்டுவிடுங்கள்.

அடுத்த முறை இனிப்புநீர் அல்லது இரத்த அழுத்தப் பரிசோதனைக்கு அரசாங்க கிளினிக்குக்குச் செல்லும்போது, நீங்கள் கணக்கிட்ட எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.