உள்ளபடி இருப்பது என்றால் என்ன?

வேதபாடம்
வாசிக்க: ஆதி. 9:20-23, மத். 21:28-31; யோவான் 4:5-30



சில வருஷங்களுக்கு முன் ஒரு உபவாசக் கூட்டத்தில் செய்தி கொடுத்துக்கொண்டிருந்தேன். "ஊழியக்காரனும் மனுஷன்தான், மறைக்க என்ன இருக்கிறது?" என்று சொல்லி, அந்த வாரம் என் வீட்டில் நடந்த ஒரு சண்டையை அப்படியே எடுத்துச் சொன்னேன். என்ன சண்டை என்று இங்கே எழுதப்போவதில்லை; காரணம் பின்னால் வரும். சபையார் கண் கலங்கினார்கள். கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து, "ஐயா, ஒளிவுமறைவே இல்லாம பேசுறீங்க" என்றார். சந்தோஷமாய் வீட்டுக்குப் போனேன். என் மனைவி சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "நீங்க உண்மையா இருக்கிறதுக்கு என் மானம்தானா கிடைச்சுது?"

எனக்குப் பதில் வரவில்லை. வாரத்தில் ஆறு நாள் பண்ருட்டி முந்திரி மண்டியில் கணக்கு எழுதி, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கபீடத்தில் நிற்கிறவன் நான். பைபிள் காலேஜில் டிப்ளமோவும் வாங்கியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு முன்னால் ஒன்றும் உதவவில்லை. இந்தப் பாடம் அந்தக் கேள்வியில் பிறந்தது.

இந்தக் காலத்தின் பாரம்

முன்னெல்லாம் "நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்பது ஜனங்களுக்குப் பாரமாயிருந்தது. இப்போது "நீ நீயாக இரு, மனசில் இருப்பதை வெளியே காட்டு" என்பதும் அதோடு சேர்ந்துகொண்டது. அமெரிக்காவின் பேர்பெற்ற மெரியம்-வெப்ஸ்டர் அகராதி, 2023-ம் ஆண்டின் வார்த்தையாக 'அசல், போலியில்லாத' என்று பொருள்படும் 'அதென்டிக்' என்ற சொல்லைத் தெரிந்தெடுத்தது. அசலுக்கு அவ்வளவு தேட்டம்!

2020-ல் பிரான்ஸ் தேசத்தில் பிரியல் என்று ஒரு செல்போன் செயலி வந்தது. 'நிஜமாய் இரு' என்பதே அதின் பெயர். ஒரு நாளில் எதிர்பாராத நேரத்தில் அது மணியடிக்கும். இரண்டே நிமிஷத்தில், இருக்கிற கோலத்தில் படம் எடுத்துப் போடவேண்டும். தாமதித்துப் போட்டால், தாமதம் என்று எல்லாருக்கும் காட்டிவிடும். 2024-ல் அதை 50 கோடி யூரோவுக்கு இன்னொரு கம்பெனி வாங்கியது. இயல்பாயிருப்பதற்குக்கூட மணியடித்து, நேரம் குறித்து, சரக்காக விற்கிற காலம் இது.

நம்மை விட்டுவிட்டு உலகத்தை மட்டும் சொல்லக்கூடாது. "கண்ணீர் வராத ஜெபம் ஜெபமா?" என்று பீடத்திலிருந்து கேட்டவன் நான். அந்த நெருக்கத்தில், வராத கண்ணீரை வரவழைத்தவர்கள் எத்தனை பேரோ? சாட்சி சொல்லும்போது பழைய பாவத்தை வருஷாவருஷம் கொஞ்சம் பெரிதாக்கிச் சொன்னவர்கள் எத்தனை பேரோ? உண்மையைக் காட்டு என்று நெருக்கினால், காட்டுவதற்காகவே ஒரு உண்மை தயாராகிவிடும்.

நம் தமிழாசிரியர்கள் மூன்று சொற்களைப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பார்கள்: உள்ளத்தில் இருப்பது உண்மை, வாயில் இருப்பது வாய்மை, மெய்யாகிய சரீரத்தில் இருப்பது மெய்மை. இந்த மூன்றின்படியே தியானிப்போம்.

1. உள்ளத்தில் உண்மை

உள்ளத்தின் உண்மை முதலாவது தேவனுக்கு முன்பாக இருக்கவேண்டியது. மாயக்காரர் என்று நம் வேதாகமத்தில் வருகிற இடத்தில், கிரேக்கத்தில் உள்ள சொல்லுக்கு மேடை நடிகன் என்ற பொருளும் உண்டு. நடிகனுக்குப் பார்க்கிற கூட்டம் வேண்டும். ஆகவேதான் இயேசு, அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்னார் (மத். 6:5, 6). கதவைப் பூட்டினால் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லாவிட்டால் நடிப்பு எதற்கு?

சமாரியா ஸ்திரீயைப் பாருங்கள். அவளுடைய வாழ்க்கையின் மறைவான காரியத்தை ஆண்டவர் எப்போது எடுத்தார்? சீஷர்கள் சாப்பாடு வாங்க ஊருக்குள் போயிருந்த நேரத்தில் (யோவான் 4:8). பின்பு அவளே ஊராரிடத்தில் ஓடிப் பேசினாள். முதலாவது தனிமை, அதற்குப் பின்பே சாட்சி.

நெய்வேலியில் வேலை செய்கிறவர்களுக்கு இது சுலபமாய் விளங்கும். பழுப்பு நிலக்கரிக்குக் கீழே தண்ணீர் பெரிய அழுத்தத்தோடு நிற்கிறது. மேலே இருக்கிற மண்ணின் பாரம்தான் அதை அமுக்கி வைத்திருக்கிறது. தண்ணீரை விட்டுவிட்டு மண்ணை மட்டும் அள்ளிப்போட்டால், அது கீழேயிருந்து பீறிட்டுச் சுரங்கத்தின் தரையையே பெயர்த்துவிடும். அதனால் ஆழமாய்க் குழாய் இறக்கி, இராப்பகலாய்ப் பம்ப் பண்ணி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே தோண்டுகிறார்கள். மனுஷ உள்ளமும் அப்படித்தான். தேவசமூகத்தில் ஊற்றவேண்டியதை ஊற்றாமல், மனுஷர் முன்னிலையில் எல்லாவற்றையும் திறந்தால் நாமும் உடைவோம், பக்கத்தில் நிற்கிறவர்களும் அமிழ்ந்துபோவார்கள். அன்று என் வீட்டில் நடந்தது அதுதான்.

2. வாயில் வாய்மை

வாய்மை என்றால் பொய் சொல்லாமலிருப்பது. அறிந்ததையெல்லாம் சொல்லிவிடுவது அல்ல. நம் திருவள்ளுவர்கூட வாய்மை அதிகாரத்தின் முதல் குறளிலேயே, ஒருவருக்கும் தீங்கு வராத சொல்லைத்தான் வாய்மை என்கிறார்.

நோவா வஸ்திரம் விலகிக் கிடந்ததைக் காம் கண்டு வெளியே வந்து சொன்னான். அவன் சொன்னது பொய்யா? நூற்றுக்கு நூறு உண்மை. சேமும் யாப்பேத்துமோ பின்னிட்டு நடந்துபோய் மூடினார்கள். அவர்களை ஒருவரும் மாயக்காரர் என்று சொல்லவில்லை. பவுல் தான் பெற்ற பெரிய தரிசனத்தைப் பதினாலு வருஷத்துக்குப் பிற்பாடுதான், அதையும் மேன்மைபாராட்ட மனதில்லாமல் எழுதுகிறார் (2 கொரி. 12:2-6). சொல்லாமலிருந்த காலமெல்லாம் அவர் போலியாயிருந்தாரா?

மறுபக்கம் அனனியா. நிலத்தின் கிரயத்தில் ஒரு பங்கை வைத்துக்கொள்ள அவனுக்கு உரிமை இருந்தது, பேதுருவே அதை ஒத்துக்கொள்ளுகிறார் (அப். 5:4). ஒரு பங்கைக் கொண்டுவந்து முழுதும் இதுதான் என்று காட்டினதே பாவம். நம்முடைய 'ஒளிவுமறைவில்லாத' பேச்சிலும் இந்த ஆபத்து உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் ரூசோ தன்னை உள்ளபடியே காட்டுவேன் என்று சுயசரிதை எழுதினார். அவர் மரித்தபின், 1782 முதல் அது வெளிவந்தது. தன் ஐந்து பிள்ளைகளை அநாதை விடுதியில் விட்டதை அதில் ஒத்துக்கொள்ளுகிறார். கூடவே அதற்கு நியாயமும் சொல்லுகிறார். அறிக்கை பண்ணின புஸ்தகம் பேர்பெற்றது. பிள்ளைகள் திரும்பி வரவில்லை. அறிக்கை வேறு, மனந்திரும்புதல் வேறு.

3. மெய்யில் மெய்மை

வாலிபர்கள் என்னிடம் கேட்பது இதுதான்: "அண்ணே, மனசு வராம சபைக்கு வந்தா அது நடிப்பு இல்லையா? வராம இருக்கிறதுதானே உண்மை?" நல்ல கேள்வி. திட்டி அனுப்பக்கூடாது.

இரண்டு குமாரரைப் பற்றி இயேசு சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவன் போகமாட்டேன் என்றான். பின்பு மனஸ்தாபப்பட்டுத் தோட்டத்துக்குப் போனான். மற்றவன் போகிறேன் என்றான், போகவில்லை. தகப்பனுக்குப் பிரியமானதைச் செய்தவன் முதலாவது போனவனே. அவன் சொன்ன வார்த்தையைவிட, போன கால்களே அவனைக் காட்டின. கெத்செமனேயில் நம் ஆண்டவருக்கும் அந்தப் பாத்திரம் நீங்கவேண்டும் என்ற வேண்டுதல் இருந்தது. அதை ஒளிக்காமல் பிதாவிடம் சொன்னார்; பின்பு எழுந்து நடந்தார்.

இராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தும், தூக்கம் கண்ணைச் சொருக, காய்ச்சலாயிருக்கிற பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறான் ஒரு தகப்பன். அந்த நேரத்தில் அவனுக்குப் பிரியம் பொங்கவில்லை, படுக்கத்தான் தோன்றுகிறது. அவன் நடிக்கிறானா? அவனைவிட மெய்யான தகப்பன் யார்? தம்பி, மனசு வராவிட்டால் வரவில்லை என்று கர்த்தரிடம் சொல்லு. சொல்லிவிட்டு வா. அதில் நடிப்பு இல்லை.

முடிவாக

பிரியமானவர்களே, அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியாத நான், பின்பு மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். சபைக்கு முன்னால் அல்ல, எங்கள் அடுப்படியில். இந்தப் பாடத்தை எழுதினதும் அவளிடம் கொடுத்தேன். வாசித்துப் பார்த்து இரண்டு வரியைப் பேனாவால் அடித்துவிட்டாள். மீதியைத்தான் நீங்கள் வாசித்தீர்கள்.

சிந்தனைக்கு:
1. நான் தேவனிடத்தில் சொல்லாமல் மனுஷரிடத்தில் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது என்ன?
2. என் சாட்சியில் வேறொருவருடைய மானம் செலவாகிறதா?
3. மனசு வரட்டும் என்று நான் தள்ளிவைத்திருக்கிற கடமை எது?

உள்ளத்தையும் வாயையும் சரீரத்தையும் ஒன்றாய் இணைக்கிற கர்த்தர்தாமே நம் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.