மின்னூல் காக்க வந்த பிள்ளைகளுக்கு

1. இலவசமாகக் கிடைக்கிற ஆய்வு நூல் எங்கே போய்விடப் போகிறது என்று இருந்துவிடாதீர்கள். அதுதான் முதலில் போகும். அச்சு நூலைப் பத்துப் பதினைந்து நூலகமாவது விலைகொடுத்து வாங்கியிருக்கும். பதிப்பகம் மூடினாலும் ஏதாவதோர் அலமாரியில் ஒரு படி கிடக்கும். திறந்த அணுகல் நூலை யாரும் வாங்குவதில்லை. அதனாலேயே பலசமயம் யாரிடமும் படி இருப்பதில்லை. வெளியிட்டவர் இணைய முகவரிக்குப் பணம் கட்ட மறந்தால் தீர்ந்தது கதை.

2. டி.ஓ.ஐ. என்னும் நிலையான அடையாள எண் வாங்கியாயிற்று என்று நிம்மதியடைய வேண்டாம். அது வழிதான் சொல்லும். வீடு இடிந்தபின் வழி தெரிந்து என்ன?

3. கோப்பைத் திறந்து பார்க்காமல் சேர்க்காதீர்கள். தமிழ் நூலென்றால் இன்னும் கவனம் வேண்டும். பிடிஎஃபில் எழுத்து அழகாகவே தெரியும். ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சான நூலானால் ‘தமிழ்’ என்பதே நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக விழும். பிறகு தேடினால் எதுவும் அகப்படாது. யூனிகோடுக்கு மாற்றிய உரையையும் கூடவே வையுங்கள். மூலக் கோப்பைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மாற்றும்போது எந்தக் கொம்பு எங்கே இடம்மாறியது என்பதற்கு அதுதான் சாட்சி. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதிந்தாக வேண்டும் என்கிற பிடிஎஃப்/ஏ வடிவம் 2005 முதல் சர்வதேசத் தரம். பதிப்பாளரிடம் அதையே கேட்டு வாங்குங்கள்.

4. சேர்த்த அன்றே, கோப்புக்குக் கைரேகை போன்ற செக்சம் எடுங்கள். எஸ்எச்ஏ-256 முறையென்றால் 64 குறிகள். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் வரிசையே வேறாகிவிடும். எடுத்து வைத்துவிட்டு ஒப்பிடாமலே இருப்பவர்கள்தான் அதிகம்.

5. பெரிய இடம் என்று நம்பி ஒரே இடத்தில் வைக்காதீர்கள். 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலில் பிரிட்டிஷ் நூலகமே முடங்கியது. அதன் ஆய்வேட்டுச் சேவையும் சேர்ந்து போனது. மறுவருடம் அதே மாதம் இன்டர்நெட் ஆர்க்கைவ் சில நாள் திறக்காமல் கிடந்தது. ஸ்டான்ஃபோர்டில் பிறந்த லாக்ஸ் முறையில், பல நூலகங்களின் கணினிகள் தங்கள் படிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, கெட்டதைத் தாங்களே சரிசெய்துகொள்ளும். அந்த வசதி இல்லையென்றால் வெவ்வேறு ஊர்களில் மூன்று படி. அதில் ஒன்று இணையத்தோடு தொடர்பே இல்லாத ஹார்டு டிஸ்கில்.

6. உரிமம் நூலுக்குள்ளேயே இருக்கட்டும். தளத்தில் மட்டும் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்று போட்டிருந்தால், தளம் போனபின் படியெடுக்கலாமா என்று யாரைக் கேட்பீர்கள்?

7. ஆசிரியரின் தலைப்பெழுத்து ஒரு பட்டியல் பதிவில் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்றிருந்தால் ஒருவரே இருவராகிவிடுவார்.

8. அடிக்குறிப்பில் வரும் இணைய இணைப்புகளையும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் சேமித்துவிடுங்கள். சலிப்பான வேலைதான். சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் வரும் நேரத்துக்கு ஒதுக்கிக்கொள்ளுங்கள்.