எடை நின்றுபோனால் துணை தேடுங்கள்

கேள்வி: மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ உணவுமுறையைத் தொடங்கியதும் எடை மளமளவென்று இறங்கியது. இப்போது அசையவே இல்லை. வீட்டில் எல்லோரும் இட்லி சாப்பிடும்போது மனம் தளர்கிறது. என்ன செய்வது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் இறங்கியதில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்தை உடல் கிளைகோஜனாகச் சேமித்துவைக்கிறது; அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். உணவில் மாவுச்சத்து குறைந்ததும் கிளைகோஜன் செலவாகி, அந்தத் தண்ணீரும் வெளியேறும். கொழுப்பு அந்த வேகத்தில் கரையாது. நீங்கள் எதிலும் தோற்றுவிடவில்லை. தனியாக இருப்பவருக்கு இதைச் சொல்ல ஆளில்லை. எடை மெஷினைப் பார்த்துப் பயந்து சோற்றுக்குத் திரும்பிவிடுகிறார். அதனால்தான் துணை வேண்டும் என்கிறேன்.

தெருவிலோ அலுவலகத்திலோ இதே உணவுமுறையில் இருக்கும் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருநாள், காலையில் வெறும் வயிற்றில், எடையோடு இடுப்புச் சுற்றளவையும் பார்த்து மறைக்காமல் சொல்லுங்கள். எடை நிற்கும் வாரத்தில் இடுப்பு குறைந்திருப்பதும் உண்டு. கல்யாணப் பந்தியில் பாயசம் வரை சாப்பிட்டவர், மறுநாள் கூசாமல் சொல்லக்கூடிய இடமாக அந்தக் குழு இருக்கட்டும். யார் அதிகம் குறைத்தது என்ற போட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். வீட்டாருக்கு இட்லி வேகும்போதே உங்களுக்கு முட்டைப் பொடிமாஸ் தயாராக இருக்கட்டும்.

உங்களில் யாராவது சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்தால், மாவுச்சத்தைக் குறைக்கும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடக்கூடும். மருந்தின் அளவைத் தோழிகள் கூடிப் பேசி முடிவு செய்யக் கூடாது.