செல்லுக்கு வழிகாட்டும் சைகை

கங்கைச் சமவெளியின் ஓடைகளிலும் நெல்வயல்களிலும் வாழும் சிறு மீன் வரிக்குதிரை மீன். இதன் கரு கண்ணாடி போல் தெளிந்தது. தாயின் உடலுக்கு வெளியே வளர்வது. ஆதலால், முதுகெலும்பியின் கருவில் செல்கள் இடம்பெயர்வதை அறிஞர்கள் நுண்ணோக்கி வழியே நேரில் காண்கின்றனர்.

பின்னாளில் முட்டையையோ விந்தணுவையோ உருவாக்கும் இனச்செல்கள் இக்கருவில் நான்கு இடங்களில் தோன்றுகின்றன. இனப்பெருக்கச் சுரப்பி அமையவுள்ள இடமோ வேறு. ஒரு நாளுக்குள் அவை அவ்விடத்தை அடைதல் வேண்டும். கண்ணில்லாத செல்லுக்கு வழி தெரிவது எவ்வாறு?

பாதையிலுள்ள செல்கள் ஒருவகைப் புரதத்தைச் சுரக்கின்றன. அதுவே சைகை. இனச்செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பி என்னும் புரதம் அதனை உணர்கிறது. சைகை மிகுந்துள்ள திசையில் செல் தன் விளிம்பைக் குமிழ்போல் நீட்டி நகர்கிறது. ஏற்பி இல்லையெனில், செல்கள் நகர்ந்தாலும் திசையறியாது அலைகின்றன.

சைகை எங்கும் நிறைந்துவிட்டாலும் திசை புலப்படாது. எனவே, சுற்றியுள்ள செல்கள் மற்றோர் ஏற்பியின் துணையால் மிகுதியான புரதத்தை உள்ளிழுத்து அழிக்கின்றன. அழைப்பதைப் போலவே, பழைய அழைப்பை அகற்றுவதும் வழிகாட்டலே ஆகும்.

பயிற்சி

1. செல்களின் பயணத்தைக் காண இம்மீனின் கரு ஏற்றதாக இருப்பது ஏன்?
2. மிகுதியான சைகை அழிக்கப்படாவிடில் இனச்செல்களுக்கு என்ன நேரும்?
3. பிரித்து எழுதுக: அவ்விடம், மற்றோர், கண்ணில்லாத.
4. 'அலைகின்றன' என்னும் சொல்லை வாக்கியத்தில் அமைத்து எழுதுக.